பதினாறாம் எண் அறைக்காரரைப் பற்றி

மூன்று நாரைகள் ஓட்டல், மூன்றாம் மாடி,
த்ருவா நகரம்.
8 மார்ச் 1994, செவ்வாய்க்கிழமை.

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா குளோதில்டுக்கு, தம்பி அன்செல்ம் பணிவோடு எழுதுவது.

இங்கே நான் உடல் நலத்தோடு இருக்கிறேன். கழுத்து மட்டும் இடப்பக்கமாகத் திரும்ப மறுக்கிறது, அதன் காரணம் கீழே வரும். உன் வலது முழங்காலும், அத்தானின் ரத்தக் கொதிப்பும், பெட்டைக் கோழிகள் நான்கும் இந்தக் கடிதம் வந்து சேரும் வேளையில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். பூசைக்குப் பாதியில்தான் போய்ச் சேர்ந்தேன், அதன் காரணமும் கீழே வரும்.

ஈஸ்டருக்குள் நானும் அண்ணன் எவரிஸ்தும் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் மூவரில் நீ இருவரை மறந்துவிடுவாய் என்று எழுதியிருந்தாய். உன் பாட்டுக் குழுத் தோழி மூலம் ஓட்டல் அறையையும் நீயே பிடித்துக் கொடுத்தாய். வெள்ளிக்கிழமை ரயிலேறி, ஞாயிறு மதியம் அவன் வீட்டுக் கதவைத் தட்டி, பதினோரு வருடத்து ஊமை நாடகத்தை முடித்துவிட்டு, திங்கட்கிழமை உனக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று செவ்வாய். நான் தொலைபேசியில் கூப்பிடவில்லை. கடிதத்தில் என்றால் நடுவில் புகுந்து நீ திட்ட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து வரிசைப்படி படி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கும் உன் பழக்கம் எனக்குத் தெரியும். வேண்டாம்.

முதலில் இந்த ஓட்டல். மரச்சட்டம் கட்டி மண் அப்பிய பழைய வீடு, ஐந்நூறு வருடமாம். எதிர்வீட்டின் நெற்றியும் இதன் நெற்றியும் தெருவுக்கு மேலே முட்டிக்கொள்ளப் பார்க்கின்றன. பார்க்க அழகுதான், எவனாவது படம் வரைந்தால் வாங்கி மாட்டலாம். ஆனால் முப்பத்துநாலு வருடம் நில அளவையராக அரசாங்கத்துக்கு உழைத்த ஒருவனை இதற்குள் படுக்கவைப்பது பாவம் அக்கா. பதினைந்தாம் எண் அறையில் பெட்டியைத் தரையில் வைத்தேன். பெட்டி தானாக நகர்ந்து ஜன்னல் பக்கம் போய் நின்றது. சட்டைப்பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதன் குமிழி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டு திரும்பி வரவே இல்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் பதினோரு சென்டிமீட்டர் வித்தியாசம். சோப்பு கிண்ணத்தில் நிற்காது, பேனா மேஜையில் நிற்காது, கட்டிலில் கால் நீட்டிப் படுத்தால் நான் மெதுவாகத் தெருவை நோக்கிப் போகிறேன். கீழே போய்ச் சொன்னேன். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் மதாம் பெலுஸ், அறுபது வயது இருக்கும், ஓட்டல் அவருடையதுதான், கையில் எப்போதும் பாதி பின்னிய காலுறை ஒன்று.

“மதாம், உங்க தரை சாயுது.”

“ஆமாங்க.”

“பதினோரு சென்டிமீட்டர்!”

“போன வருஷம் வந்தவர் பன்னெண்டுன்னார். நிமிர்ந்திருக்கு போல.”

“இது விழாதா?”

“ராஜாக்கள் போயிட்டாங்க, சண்டைகள் போச்சு, ஜெர்மன்காரங்க ரெண்டு தடவை வந்துட்டுப் போனாங்க, விழலை. நீங்க ஒருத்தர் படுத்தா விழுந்துடுமாய்யா?” என்று ஊசியை மாற்றிக்கொண்டார். பிறகு இரக்கப்பட்டு, கட்டிலின் கீழ்ப்பக்கக் கால்களுக்கு அண்டை கொடுக்கப் பழைய தொலைபேசிப் புத்தகங்கள் இரண்டு தந்தார். ஒன்று கனம், ஒன்று ஒல்லி. ஆகவே இப்போது கட்டில் ஜன்னல் பக்கம் சாயாமல் சுவர்ப் பக்கம் சாய்கிறது. கழுத்தின் காரணம் இதுதான்.

சுவர் என்றேன் அல்லவா, கதையே அங்கேதான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறாம் எண் அறை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே யாரோ ஒரு பீப்பாயைக் கழுவினார்கள். கால் மணி நேரம் கேட்ட பிறகுதான் அது ஒரு மனிதத் தொண்டை என்று புரிந்தது. கொப்பளிப்பு முடிந்ததும் ரேடியோ. ரேடியோவில் என்ன? கடல் வானிலை அறிக்கை. த்ருவாவிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். இருந்தும் அந்த மனிதர் வடகடலில் அலை எத்தனை மீட்டர் என்பதை எனக்கும் கேட்கும்படி தெரிந்துகொண்டார். சரி, எழுந்தாயிற்று, குளிக்கலாம் என்று குழாயைத் திறந்தேன். வெந்நீர் வந்தது, உடம்பெல்லாம் சோப்புப் போட்டேன், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் கிறீச்சிட்டது, என் தலையில் பனிக்காலம் இறங்கியது. இந்த ஓட்டலில் பதினைந்துக்கும் பதினாறுக்கும் சேர்த்து ஒரே வெந்நீர்தான், முதலில் திறந்தவர் பாக்கியசாலி அல்ல, பிறகு திறந்தவர்தான் பாக்கியசாலி. மூக்கு அன்றைக்கே அடைத்துக்கொண்டது. காலைச் சிற்றுண்டிக்கு ஏழு மணிக்கு இறங்கினால் ஆப்ரிகாட் ஜாம் கிண்ணம் துடைத்துவைத்தாற்போல் இருக்கிறது. கேட்டால், பதினாறாம் எண் சீக்கிரமே வந்து சாப்பிட்டுவிட்டு மேலே போய்விட்டாராம்.

நான் என்ன செய்வேன்? நாகரிகமான மனிதன் செய்வதைச் செய்தேன். மதாம் பெலுஸிடம் சொல்லியனுப்பினேன்.

“பதினாறாம் எண் மனுஷர்கிட்ட சொல்லுங்க. தொண்டை கழுவணும்னா ஊருக்குள்ளேயே ஸேன் நதி ஓடுது, அங்க போய்க் கழுவிக்கச் சொல்லுங்க.”

மத்தியானம் பதில் வந்தது. “சொன்னேங்க. அதே நதியில உங்களையும் முக்கி எடுக்கணும்கறார். ராத்திரி பூரா மரம் அறுக்கறது நீங்கதானாம்.”

“நானா? என் வாழ்க்கையில நான் குறட்டை விட்டதே இல்லை. என் பெண்சாதி முப்பத்தொம்பது வருஷம் பக்கத்துல படுத்தா, ஒரு நாள் சொன்னதில்லை.”

“அவங்களுக்குக் காது எப்படிங்க?”

பெர்த்தின் காது எப்படி என்று உனக்குத் தெரியும், ஆண்டவர் அவள் ஆன்மாவை இளைப்பாற்றட்டும். படியேறிவிட்டேன்.

இனிச் சொல்லப்போவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணன் வீட்டுக்குப் போனது சமாதானம் பேச மட்டும் அல்ல. பேரி மரத்துக்காக நாங்கள் முறைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். அப்பா இறந்த பிறகு சாலையோர மதிலிலிருந்து பன்னிரண்டு மீட்டர் நிலம் அவனுக்கு, அதற்கு அப்பால் வீட்டோடு சேர்ந்தது எனக்கு என்று முடிவானது. நான் அளந்தேன். மரம் பன்னிரண்டு மீட்டர் இருபது சென்டிமீட்டரில் இருந்தது, அதாவது என் பக்கம். “உன் கண்ணுக்கு எல்லாமே உன் பக்கம்தான்டா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிப் போனான், அதோடு சரி. அன்று அலுவலகக் கருவியை எடுத்துவரச் சோம்பல்பட்டு அப்பாவின் பழைய அளவு நாடாவால்தான் அளந்தேன். போன டிசம்பரில் சமையலறை ஜன்னலுக்குத் திரை தைக்க அதே நாடாவை எடுத்தேன். துணி வாங்கித் தைத்து மாட்டினால் திரை தரையில் புரள்கிறது. நாடாவை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். நுனி இற்றுப்போய் அப்பா எப்போதோ அதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில் வளையத்தைத் தைத்திருக்கிறார். நாடா நாற்பதாம் சென்டிமீட்டரில் ஆரம்பிக்கிறது அக்கா. பூஜ்யத்தில் அல்ல, நாற்பதில். மரம் உண்மையில் இருப்பது பதினொன்று எண்பதில். மரம் அவனுடையது. பதினோரு வருடமாக அவனுடையதே.

திரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. ஊர் பூராவும் வேலித் தகராறுக்கு என் வார்த்தையைத்தான் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொண்டது. என் அண்ணனுக்கு மட்டும் அந்த வார்த்தை பொய். இதை உனக்கும் சொல்லாமல் மூன்று மாதம் வைத்திருந்தேன். நீ கடிதம் போட்டு மிரட்டியபோது உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆக, ஞாயிறு. வெந்நீர்ப் போரில் தோற்றுப் பூசைக்குப் பாதியில் போய், முடிந்ததும் ஒரு பாதாம் கேக் வாங்கி, ரிப்பன் கட்டச் சொல்லி, அவன் குடியிருக்கும் கட்டடத்துக்குப் போனேன். வாசல் அறையில் காவல்காரம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“முசியே எவரிஸ்த் ஊர்ல இல்லீங்க. வெந்நீர் ஊற்று வைத்தியத்துக்குப் போயிருக்கார். மூணு வாரம் ஆகும்.”

“எந்த ஊரு ஊற்று?”

“அதைச் சொல்லலை. ‘யாராச்சும் வந்தா, முக்கியமா என் சாயல்ல, என்னைவிடக் குட்டையா யாராச்சும் வந்தா, வெந்நீர்னு சொல்லு’ன்னார்.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பட்டாணியைக் கீழே வைத்துவிட்டு, “ஐயோ, நீங்கதானா?” என்றாள்.

பொய் சொல்ல மாட்டேன், படியிறங்கும்போது முதலில் வந்தது சந்தோஷம்தான். இன்றைக்குச் சொல்ல வேண்டாம், தப்பித்தேன். சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ரிப்பனை அவிழ்த்து ஒரு துண்டு சாப்பிட்டேன். இரண்டாவது துண்டு சாப்பிடும்போதுதான், நான் வருகிறேன் என்று தெரிந்து என் அண்ணன் ஊரைவிட்டே ஓடியிருக்கிறான் என்பது தொண்டையில் நின்றது. அதற்குப் பிறகும் முழு கேக்கையும் சாப்பிட்டேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. திங்கட்கிழமை ரயிலுக்கே திரும்பிவிடுவது, உன்னிடம் ஏதாவது சொல்லிச் சமாளிப்பது என்று முடிவு செய்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், பட்டப்பகல் மூன்று மணிக்கு, பதினாறாம் எண் குறட்டை! என்னைக் குறட்டைக்காரன் என்று சொன்ன அதே வாய்! எனக்கு இருந்த ஆத்திரம் யார் மேல் என்று யோசிக்காமல் காலணியைக் கழற்றிச் சுவரில் மூன்று அடி அடித்தேன். குறட்டை நின்றது. சுவரில் மாட்டியிருந்த பிஷப் ஒருவரின் பெரிய படம் கட்டிலில் விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு மூன்று அடி. இப்படியே ஐந்து மணிவரை போனது.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு கையில் பெட்டி, மறுகையில் பிஷப், ஒப்படைக்க வேண்டுமே. இந்த ஓட்டல் லிஃப்ட் இரண்டு பேருக்கு என்று பலகை போட்டிருக்கிறது, அந்த இரண்டு பேரும் பட்டினி கிடந்தவர்களாக இருக்க வேண்டும். நான் பிஷப்பை அணைத்துக்கொண்டு உள்சுவரைப் பார்த்து நுழைந்துவிட்டேன், திரும்ப இடமில்லை. கதவு மூடப்போகும் நேரத்தில் இன்னொருவர் பின்பக்கமாகவே நுழைந்து தன்னைத் திணித்துக்கொண்டார். முதுகும் முதுகும் ஒட்டிக்கொண்டு இறங்கினோம். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

“மதாம்!” என்று கத்தினேன்.

“மறுபடியும் நின்னுடுச்சா?” என்று கீழேயிருந்து குரல். “சரிபண்றவர் சாப்பிடப் போயிருப்பார். ரெண்டு மணிக்கு வந்துடுவார்.”

பன்னிரண்டு மணிக்கு நம் நாட்டில் எதுவும் பழுதாகக் கூடாது அக்கா. என் ரயில் பன்னிரண்டு ஐம்பதுக்கு.

சிறிது நேரம் இரண்டு முதுகுகளும் மரியாதையாக இருந்தன. பிறகு அந்த மனிதர் பேசினார். பல்செட் புதுசு போல, சொல்லுக்குச் சொல் விசில் வந்தது.

“நல்ல ஓட்டல்தான். பக்கத்து அறையிலதான் ஒரு காட்டுமிராண்டி. சுவத்தைச் செருப்பால அடிக்கிறான்.”

“எனக்கும் அதே தலையெழுத்து,” என்றேன், அடைத்த மூக்கோடு. “என் பக்கத்துல ஒரு நீர்யானை. கொப்பளிக்குது.”

அந்த முதுகு விறைத்தது.

“உங்களுக்கு எந்த அறைங்க?”

“பதினஞ்சு.”

“ஓகோ,” என்றார் அவர். “நான் பதினாறு.”

அதற்கப்புறம் நடந்ததை முழுக்க எழுதினால் தபால்காரர் கூசிப்போவார். ஜாமில் ஆரம்பித்து வெந்நீருக்குப் போய், ஒருவரையொருவர் பார்க்காமலே, முதுகால் இடித்துக்கொண்டு கத்தினோம். நடுவில் பிஷப்பின் சட்டம் அவர் இடுப்பில் இடித்துவிட்டது. வலியில் அந்த மனிதர், “அட, கொம்பு முளைச்ச கோழிப்பயலே!” என்றார்.

அக்கா, இந்த உலகத்தில் அந்த வசவைச் சொன்ன ஒரே மனிதர் நம் அப்பா. அவர் போன பிறகு அதைச் சொல்ல மூன்று பேர்தான் மிச்சம். ஒருத்தி நீ, ஒருவன் நான்.

“அண்ணே?” என்றேன்.

அந்த முதுகு மெல்லச் சொல்லிற்று: “இங்க அப்படி யாரும் இல்லை. அவர் வெந்நீர் வைத்தியத்துக்குப் போயிருக்கார்.”

“எவரிஸ்த்!”

“உன் மூக்குக்கு என்னடா ஆச்சு? குரலே அடையாளம் தெரியலை.”

“உன் பல்லுக்கு என்ன ஆச்சு?”

“ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரியுமா?” என்று கீழேயிருந்து மதாம் பெலுஸ். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தமும் கேட்டது. “அவர் பதிவேட்டுல மர்த்தேன்னு எழுதியிருக்காரே!”

ஆமாம், பொய்ப் பெயர். உன் கடிதம் அவனுக்கும் வந்திருக்கிறது, நான் வருகிறேன் என்று. பயந்துபோய் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தெரு தள்ளி ஓட்டலில் ஒளிந்துகொண்டிருக்கிறான், எழுபத்தைந்து வயது மனிதன். ஊரில் இருக்கும் அத்தனை ஓட்டலையும் விட்டுவிட்டு இதே ஓட்டல்.

“ஏண்ணே ஓடினே? என் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கலையா?”

“அது இல்லைடா. நீ தட்டினா திறக்கணும். திறந்தா பேசணும். பேசினா அதைச் சொல்லணும்.”

“எதை?”

லிஃப்டில் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் அவனால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். “பேரிக்காய்,” என்றான். “வருஷா வருஷம் அக்டோபர்ல யாரோ பறிச்சிட்டுப் போறாங்கன்னு நீ ஊர் பூராச் சொல்லிட்டிருந்தியாமே. நான்தான்டா. முதல் பஸ் ஏறி வந்து, ஒரு பை நிறையப் பறிச்சிட்டு, அடுத்த பஸ்ல திரும்பிடுவேன்.”

பதினோரு வருடமாக நான் சந்தேகப்பட்டது தபால்காரர் இப்போலித்தை. ஒவ்வொரு டிசம்பரும் அந்த மனிதர் புதுவருடக் காலண்டரை நீட்டும்போது முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

“ஒரு பை பழத்துக்கா அவ்வளவு தூரம் வந்தே?”

“பழம் என்னடா பழம், கல்லு மாதிரி இருக்கும், வேகவெச்சாத்தான் திங்கலாம்.” பிறகு சொன்னான்: “மரத்தடியில நின்னா உன் சமையலறை ஜன்னல் தெரியும். விளக்கு எரியும். நீ காப்பி போடுவே. சரி, இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போயிடுவேன். பெர்த் தவறிப்போன அந்த வருஷம் விளக்கு எரியலை. அரை மணி நேரம் நின்னேன். தட்டிடலாம்னு மூணு படி ஏறிட்டேன். அப்புறம் பாத்தா கையில பை. பை நிறைய உன் பேரிக்காய். திருட்டுப் பழத்தைத் தூக்கிட்டுத் துக்கம் விசாரிக்க முடியுமா? இறங்கிட்டேன்.”

கீழே மதாம் பெலுஸ் மூக்கைச் சிந்தினார்.

இதற்கு மேல் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்? பிஷப்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாடா, திரை, நாற்பது சென்டிமீட்டர், பதினொன்று எண்பது. “அது உன் மரம்ணே. அன்னிக்கும் உன் மரம், இன்னிக்கும் உன் மரம். என்னை மன்னிச்சிடு.”

அழுவான் என்று நினைத்தேன். கட்டிப்பிடிப்பான், இந்த இடத்தில் முடியாது, ஆனாலும் முயற்சியாவது செய்வான் என்று நினைத்தேன். அவனோ லிஃப்டே குலுங்கும்படி ஒரு கத்து கத்தினான்.

“என் மரமா? என் மரத்துலயா நான் திருடினேன்? அடேய், பதினோரு வருஷமா ஈஸ்டருக்கு ஈஸ்டர் பாவசங்கீர்த்தனம் பண்றேன்டா! தம்பி மரத்துல திருடினேன் சாமின்னு மண்டி போட்டுச் சொல்றேன்! நாலு பாதிரியார் மாறிட்டாங்க, நாலு பேர்கிட்டயும் சொல்லியாச்சு! கடைசியா வந்தவர் முழு ஜெபமாலை ஏழு தடவை சொல்லச் சொன்னார்! என் முட்டியைப் பாரு!”

“எப்படிப் பாக்கறது?” என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அது எப்படி ஆரம்பித்தது என்று தெரியவில்லை. முதலில் அவன் முதுகு ஆடியது. அழுகிறான் என்று நினைத்தேன். பிறகு விசில் சத்தம் வந்தது, அந்தப் பல்செட் வழியாகச் சிரிப்பு வருகிறது. நானும் சிரித்தேன், மூக்கு அடைத்திருந்ததால் எனக்கு வாயால்தான் எல்லாம். மூச்சு முட்டச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவன் கை பின்பக்கமாகத் துழாவி வந்து என் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் சந்தைக் கூட்டத்தில் நான் தொலைந்துவிடாமல் இருக்கப் பிடிப்பானே, அதே பிடி. இரண்டு மணி வரைக்கும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குச் சரிபண்ணுகிறவர் வந்து எங்களைக் கீழே இறக்கினார். வெளியே வந்துதான் திரும்பி முகம் பார்த்துக்கொண்டோம். “கிழவனாயிட்டியேடா,” என்றான் அவன். சொன்னவனுக்கே ஒரு முடிகூட மிச்சமில்லை. மதாம் பெலுஸ் சமையலறைக்குக் கூட்டிப்போய் உருளைக்கிழங்கு போட்டு முட்டை அடையும், ஊர்ப் பாலாடைக்கட்டியும் வைத்தார். பிஷப்பையும் மேஜையில் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அண்ணன் என்னை வெளியே அழைத்துப்போனான், குடல் தொத்திறைச்சி. ஒரு தட்டுதான் சொன்னான், பாதியை எனக்கு வெட்டி வைத்தான். ரயில்தான் போய்விட்டதே, திரும்பி வந்து மறுபடி அவரவர் அறையிலேயே படுத்தோம்.

ஆகவே அக்கா, மனசைக் குளிரவைத்துக்கொள். நமக்குள் பூரண சமாதானம். மரம் அண்ணனுடையது என்று இன்று காலை ஓட்டல் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று, மதாம் பெலுஸ் சாட்சி. ஈஸ்டருக்கு மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்காருவோம். நாளை காலை ரயிலில் நான் ஊர் திரும்புகிறேன். இந்தச் சாய்ந்த வீட்டில் இனி ஒரு நாளும் தலை வைத்துப் படுக்க மாட்டேன், நீ எந்தத் தோழி மூலம் பிடித்துக் கொடுத்தாலும் சரி. இப்போலித்துக்கு ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், என்ன சொல்லிக் கொடுப்பதென்றுதான் யோசிக்கிறேன்.

அத்தானுக்கு என் மரியாதையும், கோழிகளுக்கு நல்ல தீனியும், உனக்கு மாதாவின் காவலும், முழங்காலுக்கு நல்ல வெயிலும் கிடைக்கட்டும். உன் பிடிவாதம் மட்டும் இல்லாவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது. அதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதனால் ஒரு தடவைதான் சொல்வேன்.

என்றும் உன் சொல் தட்டாத தம்பி,
அன்செல்ம்

பின்குறிப்பு: செவ்வாய் மாலை. உறையைப் பிரித்து மறுபடி எழுதுகிறேன். மேலே ‘சமாதானம்’ என்று வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படி. மூன்று மணியிலிருந்து நானும் அவனும் பேசுவதில்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்துவிட்டான். மரம் தனக்கு வேண்டாமாம். “என் மரம்னா நான் எதுக்குடா விடியக்காலை பஸ் ஏறி வரணும்? உன் மரமா இருந்தாத்தான் வர்றதுக்கு ஒரு நியாயம்” என்கிறான். நான் ஒத்துக்கொள்வேனா? அளவு அளவுதான், பதினொன்று எண்பது என்றால் பதினொன்று எண்பதுதான், மரம் அவனுடையதே. அவன் அதை வாங்கிக்கொள்ளும்வரை இந்த ஓட்டலை விட்டுப் போவதில்லை என்று அறையை ஒரு வாரம் நீட்டித்துவிட்டேன். நான் அதை எடுத்துக்கொள்ளும்வரை வீட்டுக்குப் போவதில்லை என்று அவனும் நீட்டித்துவிட்டான். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மதாம் பெலுஸ் படியேறி இறங்குகிறார், உன்னை உடனே வரவழைக்கும்படி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடிதம் கண்டதும் கிளம்பு. உனக்கு என் பக்கத்து அறை, பதினான்கு, சொல்லி வைத்திருக்கிறேன். அவன் தனியாகப் போய் உனக்குத் தன் பக்கத்து அறை, பதினேழு, சொல்லி வைத்திருக்கிறான். எதில் தங்குவது என்பது உன் இஷ்டம், நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் பதினேழில் தங்கினாயானால் உன்னோடும் பேச மாட்டேன்.